ஹெல்மெட்டுக்குள்ள ஒரு அக்னி நட்சத்திரம்!

எல்லா ஹாஸ்டல் ரூம்லயும் ஒருத்தர் இருப்பார். டி.வி-யில ஃபார்முலா ஒன் ஓடும்போது வேர்க்கடலையைக் கொறிச்சுக்கிட்டே, "உட்கார்ந்துக்கிட்டே பண்ற வேலை எப்படி மச்சி ஸ்போர்ட்ஸ் ஆகும்? எங்க ஊரு டவுன் பஸ் டிரைவரும்தான் உட்கார்ந்து ஓட்டுறார்!"னு ஒரு கேள்வி கேட்பார். உங்க ரூம்லயும் இருப்பாரே? அவரோட சண்டை போடாதீங்க. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில எழுப்பி, கையில ஒரு தொப்பியைக் கொடுத்து, இருங்காட்டுக்கோட்டைக்கு கூட்டிட்டுப் போங்க.

சென்னையில இருந்து சுமார் 40 கி.மீ. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் ஹைவேயைப் பிடிச்சா, இடது கைப் பக்கம் செம்பரம்பாக்கம் ஏரி, அதுக்கப்புறம் வரிசையா கம்பெனிகள். ஸ்ரீபெரும்புதூருக்குக் கொஞ்சம் முன்னாடி, ஹூண்டாய் ஃபேக்டரி இருக்கிற அதே இருங்காட்டுக்கோட்டை. பஸ்ல இருந்து இறங்கினதும் உங்களுக்குக் கேட்கிறது லாரி ஹார்ன் மட்டும்தான். உள்ளே நடக்க நடக்க, எங்கேயோ ஒரு தேனீக் கூட்டம் கோபமா இருக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். இன்னும் கொஞ்சம் நடந்தா அது நெஞ்சுக்குள்ள வந்து உட்கார்ந்துடும். வ்ர்ர்ர்ரூம்ம்ம்!

ஒரு குட்டி ஃப்ளாஷ்பேக். நம்ம ஊர்ல ரேஸ்னா ஒரு காலத்துல சோழவரம்தான். இரண்டாம் உலகப் போர் சமயத்து விமான ஓடுதளம் அது. அங்கேதான் அப்பா, மாமா காலத்து ஆளுங்க எல்லாம் வெயில்ல நின்னு ரேஸ் பார்த்தாங்க. அதை நடத்திக்கிட்டிருந்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தனக்குன்னு சொந்தமா ஒரு டிராக் வேணும்னு இங்கே நிலம் வாங்கி, 1990-ல ரேஸை ஆரம்பிச்சது. நீளம் 3.717 கி.மீ., 12 வளைவு. இப்போ இதுக்குப் பேர் மெட்ராஸ் இன்டர்நேஷனல் சர்க்யூட். ஆனா பழைய ஆளுங்க யாரும் அப்படிச் சொல்றதில்லை. 'இருங்காட்டுக்கோட்டை'தான்! 2024-ல தீவுத்திடலைச் சுத்தி ராத்திரியில கார் ரேஸ் நடந்தப்போ ஊரே திரண்டுச்சே, அது ஒரு வாரக் கடைசித் திருவிழா. வருஷக்கணக்கா வேர்வை சிந்துற இடம் இதுதான்.

அந்த வேர்வையைப் பத்திதான் பேசப் போறோம்.

டிரஸ் பண்ணவே தெம்பு வேணும்!

முதல்ல பேடாக் பக்கம் போங்க. கார்களையும் பைக்குகளையும் நிறுத்தி, ரெடி பண்ற இடம். அங்கே ஒரு டிரைவர் டிரஸ் பண்றதை மட்டும் நின்னு பாருங்க. உள்ளே தீப்பிடிக்காத முழுக்கை பனியன், முழு நீள பேன்ட். அதுக்கு மேலே ரெண்டு மூணு அடுக்குத் துணியில தைச்ச ஓவர்ஆல். கண்ணு மட்டும் தெரியுற மாதிரி முகமூடி. அதுக்கு மேலே ஹெல்மெட். கையில கிளவுஸ், கால்ல ஷூ. ஆகஸ்ட் மாச மத்தியானம் ரெண்டு மணிக்கு நாம பனியனைக் கழட்டிப் போட்டுட்டு ஃபேனுக்குக் கீழே படுத்திருப்போம். அந்த நேரத்துல இவர் கம்பளி போர்த்தின மாதிரி கிளம்பி, இன்ஜினுக்குப் பக்கத்துல ஒரு தொட்டிக்குள்ள தன்னைத் திணிச்சுக்கிட்டு, பெல்ட்டால இறுக்கிக் கட்டிக்கிறார். ஏ.சி-யா? சான்ஸே இல்லை!

உடம்பு சூட்டைத் தணிக்க முக்கியமான வழி வேர்வை காயுறதுதான். காத்தே போகாத துணிக்குள்ள வேர்வை எப்படிக் காயும்? ஊத்துமே தவிர காயாது. அதனால இதயம் ரெண்டு வேலை பார்க்கணும். தசைக்கும் ரத்தம் அனுப்பணும், சூட்டை வெளியே தள்ள தோலுக்கும் அனுப்பணும். உட்கார்ந்திருக்கிற ரேஸ் டிரைவரோட இதயம் நிமிஷத்துக்கு 160, 170 தடவை அடிக்கிறது இப்படித்தான். கிரவுண்டுல நாலு ரவுண்டு விடாம ஓடிட்டு கழுத்துல விரல் வச்சுப் பாருங்க, கிட்டத்தட்ட அந்தக் கணக்கு வரும். ஆனா நீங்க மூச்சு வாங்க உட்கார்ந்துடலாம். அவர் அப்போதான் அடுத்த வளைவுக்கு பிரேக் அடிக்கணும்.

சிங்கப்பூர் ரேஸ்ல ஒரு ஃபார்முலா ஒன் டிரைவர் ரெண்டு, மூணு கிலோ வரைக்கும் இழப்பார். எல்லாம் தண்ணி எடை! 70 கிலோ ஆளு ஒருத்தருக்கு ஒன்றரை கிலோ தண்ணி குறைஞ்சாலே கவனம் சிதற ஆரம்பிச்சுடும். கவனம் சிதறினா என்ன ஆகும்? ஒரு கணக்குப் போடுவோம். 200 கி.மீ. வேகத்துல ஒரு கிரிக்கெட் பிட்ச்சோட முழு நீளத்தைத் தாண்ட 0.36 செகண்டுதான். ஒரு தடவை கண்ணைச் சிமிட்டினா ஒரு பிட்ச் காலி.

"அதெல்லாம் கோடி கோடியா சம்பாதிக்கிற ஆளுங்க, டாக்டர், டயட்னு பக்காவா இருப்பாங்க"ன்னு நினைக்கிறீங்களா? 2023 அக்டோபர்ல கத்தார் ரேஸ். ராத்திரி ரேஸ்தான், ஆனா காத்துல அனல். எஸ்டபன் ஓகான் ஹெல்மெட்டுக்குள்ளயே வாந்தி எடுத்துட்டு, அதோடயே கடைசி வரை ஓட்டினார். லோகன் சார்ஜன்ட் முடியாம பாதியிலயே காரை நிறுத்திட்டார். பெர்னாண்டோ அலோன்சோ, அத்தனை வருஷ அனுபவஸ்தர், சீட்டு கொதிக்குது, பிட்டுக்கு வரும்போது மேல தண்ணி ஊத்த முடியுமான்னு ரேடியோவுல கேட்டார். உலகத்துலயே ஃபிட்டான 20 டிரைவர்களோட கதை இது! அதுக்கப்புறம்தான் விதியே மாறுச்சு. 2025-ல இருந்து வெயில் ஒரு அளவைத் தாண்டும்னு தெரிஞ்சா, முன்கூட்டியே எச்சரிக்கை அறிவிக்கிறாங்க. டிரைவரைக் குளிர்விக்கிற ஏற்பாடு கார்ல இருந்தே ஆகணும்.

நம்ம இருங்காட்டுக்கோட்டையில அந்த ஏற்பாடு என்னன்னு கேட்டா... ஈரத்துண்டு, ஐஸ் பை, ஒரு குடை! குடை பிடிக்கிற நண்பருக்கும் அந்த வெற்றியில பங்கு உண்டு சார்.

கழுத்துல ஒரு சிமென்ட் மூட்டை

அடுத்தது கழுத்து. உங்க தலை கிட்டத்தட்ட அஞ்சு கிலோ. ஹெல்மெட் ஒன்றரை கிலோ. மொத்தம் ஆறரை. ஃபார்முலா ஒன் கார் வேகமா வளையும்போதும், பிரேக் அடிக்கும்போதும் உடம்பு மேல விழுற விசை புவியீர்ப்பைப் போல அஞ்சு மடங்கு வரும். ஆறரையை அஞ்சால பெருக்குங்க. 32 கிலோவுக்கு மேல! அரை மூட்டைக்கு மேல சிமென்ட் தலையைப் பக்கவாட்டுல இழுக்குது, நீங்க அதை நேரா நிமிர்த்தி வச்சுக்கிட்டு எதிர்ல பார்க்கணும். ஒரு வளைவுல இல்லை, ஒவ்வொரு சுத்துலயும், ஒன்றரை மணி நேரத்துக்கு. பிரேக் பெடலும் லேசுப்பட்டது இல்லை. ஒவ்வொரு பெரிய பிரேக்குக்கும் 100 கிலோவுக்கு மேல அழுத்தணும். லெக் பிரஸ் மெஷினை ஒரு காலால, ஒரு ரேஸுக்குள்ள நூத்துக்கணக்கான தடவை தள்ளுற மாதிரி.

இதுல ஒரு சுவாரஸ்யம். உலகத்துல பெரும்பாலான டிராக்குகள் கடிகார முள் சுத்துற திசையில ஓடும். பிரேசிலோட இன்டர்லாகோஸ் மாதிரி சிலது மட்டும் எதிர்த்திசை. அங்கே போனா கழுத்தோட இன்னொரு பக்கம் வேலை செய்யணும். வருஷம் முழுக்க ஒரு பக்கமே பழகின டிரைவர்கள் அங்கே கடைசிச் சுத்துகள்ல தலையைச் சாய்ச்சுக்கிட்டு ஓட்டினது உண்டு. அதே இன்டர்லாகோஸ்ல 1991-ல அயர்ட்டன் சென்னா, கியர் எல்லாம் போய் ஆறாவது கியர்ல மாட்டிக்கிட்ட காரை ஓட்டி ஜெயிச்சார். ஜெயிச்சவரைக் கார்ல இருந்து தூக்கித்தான் வெளியே எடுத்தாங்க. கோப்பையைத் தலைக்கு மேல தூக்கவே அவருக்குத் தெம்பு இல்லை.

இருங்காட்டுக்கோட்டையில ஓடுற ஆரம்ப நிலை கார்கள்ல இவ்வளவு விசை வராது. அதனாலதான் இங்கிருந்து போற நம்ம பசங்களுக்கு முதல் அதிர்ச்சியே கழுத்துலதான். கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன்னுல இறங்கி, இந்தியாவோட முதல் ஆளா ஆனார். 2010-ல நம்ம சென்னை கருண் சந்தோக். ரெண்டு பேருமே இந்த டிராக்குல உருண்டு புரண்டவங்க. அங்கே போய் நிக்கணும்னா திறமை மட்டும் பத்தாது, கழுத்து சுற்றளவே மாறணும். ஃபார்முலா ஒன் டிரைவர் போட்டோவை நல்லாப் பாருங்க. முகத்தைவிடக் கழுத்து அகலமா இருக்கும்!

அஜித் கதை உங்களுக்குச் சொல்லணுமா என்ன? ஐம்பது வயசைத் தாண்டின மனுஷன். ஆப்ரேஷன் மேல ஆப்ரேஷன் பார்த்த உடம்பு. 2025 ஜனவரியில துபாய் 24 மணி நேர ரேஸுக்கு டீம் கட்டிக்கிட்டுப் போனார், டீம் தன் பிரிவுல மூணாவது இடம் வந்துச்சு. அதுக்கு முன்னாடி அவர் எந்த அளவுக்கு இளைச்சார்னு போஸ்டர் பார்த்தவங்க எல்லாருக்கும் தெரியும். கார்ல ஒவ்வொரு கிலோவும் எதிரி, டிரைவரோட தொப்பை உட்பட.

வீட்ல செய்ற கழுத்துப் பயிற்சி சிம்பிள். உள்ளங்கையை நெத்தியில வச்சுத் தள்ளுங்க, தலை அசையாம எதிர்த்துத் தாங்குங்க. பத்து செகண்ட். அப்புறம் பின்னாடி, வலது, இடது. வலிச்சா நிறுத்திடணும். ரூம் மேட்டை விட்டுத் தள்ளச் சொல்லாதீங்க, அவனுக்கு உங்க மேல எவ்வளவு கோபம் இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது.

பதிமூணும் ஐம்பத்தொன்பதும்

இப்போ பைக் பக்கம். கார்ல பெல்ட் பிடிச்சுக்கும், பைக்ல உங்க தொடைதான் பெல்ட். டேங்க்கை ரெண்டு முட்டியால கவ்விப் பிடிச்சு, இடுப்பை ஒரு பக்கம் இறக்கி, முட்டி தரையை உரச வளைஞ்சு, அடுத்த நொடி உடம்பை மறுபக்கம் மாத்தணும். ஒரு சுத்துல 12 தடவை தோப்புக்கரணம் போடுறதுக்குச் சமம். எடை முழுக்க கைக்கு வந்துட்டா முன்னங்கை கல்லு மாதிரி இறுகி, விரல் மரத்துடும். பிரேக் லீவர் கையில இருக்கு, ஆனா விரலுக்குத் தெரியாது! ரைடர்கள் இதை 'ஆர்ம் பம்ப்'ம்பாங்க. மோட்டோ ஜிபி ரைடர்கள் பல பேர் இதுக்காகவே முன்னங்கையில ஆப்ரேஷன் பண்ணிக்கிட்டவங்க.

இங்கே ஒரு விஷயத்தை மறைக்காமச் சொல்லணும். 2023 ஜனவரியில இதே டிராக்குல ஒரு கார் ரேஸ் விபத்துல 59 வயசு சீனியர் டிரைவர் ஒருத்தர் இறந்துபோனார். அதே வருஷம் ஆகஸ்ட்ல, பைக் ரேஸோட முதல் வளைவுல விழுந்து பெங்களூரைச் சேர்ந்த ஒரு பையன் இறந்தான். வயசு 13. அந்த வாரக் கடைசியில மீதி ரேஸ் எல்லாத்தையும் நிறுத்திட்டாங்க. உடம்பை ஃபிட்டா வச்சுக்கிட்டா விபத்தே வராதுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. ரெண்டு பேருமே சும்மா பொழுதுபோக்கா வந்தவங்க இல்லை. பின்னாடி வர்ற வண்டிக்கு உங்க ஃபிட்னஸ் தெரியாது.

அப்புறம் எதுக்கு இத்தனை மெனக்கெடல்? ஒரு பதில் பஹ்ரைன்ல கிடைச்சது. 2020 நவம்பர் 29, ரொமைன் குரோஷானோட கார் தடுப்புச் சுவர்ல மோதி ரெண்டா பிளந்து, தீப்பிடிச்சது. மோதின விசை புவியீர்ப்பைப் போல 67 மடங்கு. பெல்ட்டைக் கழட்டி, மாட்டிக்கிட்ட காலை ஷூவோட விட்டுட்டு உருவி, அவரே நெருப்புக்குள்ள இருந்து எழுந்து வெளியே வந்தார். மொத்தம் சுமார் 28 செகண்ட். அவர் தலையைக் காப்பாத்தினது 'ஹேலோ'ங்கிற வளையம்; கழுத்தைக் காப்பாத்தினது தோள்ல மாட்டுற ஹான்ஸ் பட்டை. ஆனா மூணு தடவை முயற்சி பண்ணி எழுந்து நின்னது உடம்புதான். ஒரு விஷயம் கவனிச்சீங்களா? அந்த வீடியோவுல, தீக்கு நேரா ஓடி வந்த டாக்டர் ஒருத்தர் இருப்பார். தீயணைப்பானோட டிராக்கைத் தாண்டி ஓடி வந்த ஒரு மார்ஷல் இருப்பார். அவர் பேர் நமக்கு ஞாபகம் இருக்கா?

கேமரா காட்டாத உடம்புகள்

பிட்ல நின்னு மெக்கானிக் அண்ணன்களைப் பாருங்க. காருக்குக் கீழே படுத்து, குந்தி உட்கார்ந்து, டயரைத் தூக்கி, ஜாக்கியை இறக்கி... பாதிப் பேருக்கு முப்பது வயசுக்குள்ள இடுப்பு வலி வந்துடுது. கோயம்புத்தூர் செட்டிபாளையத்துல இன்னொரு டிராக் இருக்கு. ஃபார்முலா மாருதி காரை உருவாக்கி, 1995-ல விமான விபத்துல இறந்துபோன கரிவரதன் பேர்ல அமைஞ்ச 'காரி மோட்டார் ஸ்பீட்வே'. ஒரு ரவுண்டு அங்கே, அடுத்த ரவுண்டு இங்கேன்னு வந்தா, லாரியில காரை ஏத்திக்கிட்டு ராத்திரி பூரா 500 கி.மீ. வர்றது இவங்கதான். காலையில டீ, சிகரெட், வேலை. தூங்கினது ரெண்டு மணி நேரம்; இறுக்கப் போறது வீல் நட்டு! தூக்கக் கலக்கத்துல ஒரு நட்டு சரியா ஏறலைன்னா, அதோட விலையைக் கொடுக்கிறது இன்னொருத்தர்.

ஃபார்முலா ஒன்ல இதைப் புரிஞ்சுக்கிட்டுதான் 2011-ல ஊரடங்கு மாதிரி ஒரு விதி கொண்டுவந்தாங்க. ராத்திரி குறிப்பிட்ட மணி நேரம் டீம் ஆளுங்க டிராக்குல இருக்கவே கூடாது, போய்த் தூங்கணும். ரெண்டு செகண்டுக்குள்ள நாலு டயர் மாத்துற அந்த 20 பேர் ஜிம்முக்குப் போறாங்க, ட்ரெய்னர் வச்சிருக்காங்க. 2023 கத்தார்ல மெக்லாரன் டீம் 1.80 செகண்ட்ல மாத்திச்சே, அது ஸ்பேனர் விஷயம் மட்டும் இல்லை.

கடைசியா மார்ஷல் போஸ்ட். இதைப் பத்தி எனக்குக் கொஞ்சம் அதிகமாவே பேச வரும். ஏன்னா, நான் அங்கே அசிங்கப்பட்டவன்.

ஒவ்வொரு வளைவுலயும் கொடியோட நிக்கிறாங்களே, அவங்கதான் மார்ஷல். மஞ்சள் ஆட்டினா 'முன்னாடி ஆபத்து', சிவப்பு 'ரேஸை நிறுத்து', நீலம் 'உனக்குப் பின்னாடி வேகமான வண்டி வருது'. இவங்களுக்குச் சம்பளம் கிடையாது. ஆர்வத்துல வர்ற பேங்க் ஊழியர், ஒர்க்‌ஷாப்காரர், உங்களை மாதிரி காலேஜ் பசங்க. கல்லூரி ரெண்டாம் வருஷம், நானும் கிளம்பினேன். முதல் நாள் நைட் செகண்ட் ஷோ. மூணு மணி நேரத் தூக்கம். காலையில ஒரு டீ, ஒரு பன். ஆறரை மணிக்கு அட்டெண்டன்ஸ், அறிவுரை எல்லாம் முடிஞ்சு, முழுக்கை ஓவர்ஆல் மாட்டி, போஸ்ட்ல நின்னாச்சு. கெத்துதான்! ஒன்பது மணி வரைக்கும்.

பத்தரைக்கு தார் ரோட்டுல கானல் ஆட ஆரம்பிச்சது. தண்ணி கேன் இருந்துச்சு. "பாத்ரூம் தூரம், அடிக்கடி போகணுமே"ன்னு குடிக்கலை. எங்க போஸ்ட் சீஃப் அண்ணன், வார நாள்ல பேங்க் வேலை பார்க்கிறவர், ரெண்டு தடவை சொன்னார்: "தம்பி, தாகம் எடுத்தப்புறம் குடிச்சா லேட்டுடா." தலையாட்டினேன். பதினொன்றரைக்கு எதிர் வளைவுல ஒரு பைக் சறுக்கிச்சு. எங்க கண்ணு முன்னாடி ஜல்லிக்குள்ள உருண்டு வந்து ரைடர் விழுந்தார். அண்ணன் மஞ்சள் கொடியை வீசினார். "ஓடு!"ன்னு என்னைப் பார்த்துக் கத்தினார்.

நான் நாலு எட்டு வச்சேன். காதுக்குள்ள 'ங்ங்'னு சத்தம். கண்ணுல பூச்சி பறந்துச்சு. முட்டி மடங்கி உட்கார்ந்துட்டேன்.

என்னைத் தாண்டி ஓடினது ஈரோட்டுப் பொண்ணு ஒருத்தங்க. அவங்களும் ஸ்டூடன்ட்தான், கபடி பிளேயர். ஒரு கையில தீயணைப்பான், இன்னொரு மார்ஷலோட போய் ரைடரை டிராக் ஓரத்துல இருந்து நகர்த்தி, பைக்கை இழுத்துப் போட்டு, திரும்பி வந்தப்போ அடுத்த சுத்து வண்டிங்க வந்துடுச்சு. ரைடருக்கு நல்லவேளையா பெருசா ஒண்ணும் இல்லை, எழுந்து கைகாட்டினார். அவரும் என்னைத்தான் பார்த்தார், 'இவருக்கு என்ன ஆச்சு?'ன்னு!

அண்ணன் திட்டலை. குடை நிழல்ல படுக்க வச்சு, காலைத் தூக்கி கேன் மேல வச்சு, கழுத்துல ஈரத்துணி போட்டு, உப்பு சர்க்கரை கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமா குடிக்க வச்சார். அப்புறம்தான் சொன்னார்: "டிரைவர் மயங்கினா அவனோட ரேஸ் போச்சு. நீ மயங்கினா இன்னொருத்தன் உயிரு. அதான் வித்தியாசம்." அவர் சொன்னது பெரிய வார்த்தை எல்லாம் இல்லை. ஆனா இன்னிக்கு வரைக்கும் தண்ணி பாட்டிலைப் பார்த்தா அந்தக் குரல் கேட்குது.

மார்ஷல்களுக்கும் ஆபத்து நிஜம். 2000-ல இத்தாலியோட மான்ஸா, 2001-ல ஆஸ்திரேலியாவோட மெல்போர்ன், அடுத்தடுத்த ரெண்டு சீஸன்ல, பறந்து வந்த சக்கரத்தால மார்ஷல்கள் இறந்திருக்காங்க. அதனால முதல் பாடமே, ஓடுற வண்டிக்கு ஒருபோதும் முதுகைக் காட்டாதே. அதுக்கு எட்டு மணி நேரம் முழிப்பா இருக்கிற மூளை வேணும். மூளைக்குத் தண்ணி வேணும்.

நீங்க போறீங்களா?

போங்க. ஆனா என்னை மாதிரிப் போகாதீங்க.

ரெண்டு வாரம் முன்னாடியே ஆரம்பிங்க. ஏ.சி. ஜிம்ல டிரெட்மில் ஓடினா வெயில் பழகாது. தினமும் சாயங்காலம் நாலு மணி வெயில்ல அரை மணி நேரம் வேகமா நடங்க, அப்புறம் ஓடுங்க. பத்துப் பதினாலு நாள்ல உடம்பு சூட்டுக்குப் பழகி, சீக்கிரமா வேர்க்கக் கத்துக்கும். சைக்கிள், நீச்சல் ரெண்டும் டிரைவர்கள் விரும்பிச் செய்றது. பைக் ஆளுங்க ஸ்குவாட்டையும் பிளாங்க்கையும் விடாதீங்க. மெக்கானிக் ஆகப் போறவங்க எடையை இடுப்பால தூக்காம தொடையால தூக்கப் பழகணும். லைசென்ஸ் எடுக்கணும்னா மெடிக்கல் சர்டிஃபிகேட் கேட்பாங்க. தெரிஞ்ச டாக்டர்கிட்ட கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வந்துடாதீங்க பாஸ், நிஜமாவே பி.பி. பாருங்க, கண் டெஸ்ட் பண்ணுங்க.

முதல் நாள் ராத்திரி தூக்கம். காலையில நாலு இட்லி. மத்தியானம் பிரியாணி பொட்டலம் கையில வந்தா பாதியை நண்பனுக்குத் தள்ளிட்டு, தயிர் சாதம் பக்கம் போங்க. மூணு மணி வெயில்ல பிரியாணி தூங்க வைக்கும். மோர், இளநீர் சூப்பர். எனர்ஜி டிரிங்க் டின் போஸ்டர்ல நல்லா இருக்கும், தாகத்துக்கு அது ஆகாது. கரைசல் வீட்லயே பண்ணலாம். ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணியில, தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு கூடக் கூடாது. குடிச்சது பத்துதான்னு எப்படித் தெரியும்? வெட்கப்படாம பாத்ரூம்ல பாருங்க. வெளிர் மஞ்சள்னா ஓ.கே. காப்பி டிகாக்‌ஷன் நிறம்னா உடனே நிழலுக்குப் போங்க!

காதுக்குப் பஞ்சு பத்தாது, இயர் பிளக் வாங்கிக்கோங்க. தொப்பி, முழுக்கை சட்டை. பக்கத்துல இருக்கிறவர் சம்பந்தமில்லாம உளற ஆரம்பிச்சாலோ, தள்ளாடினாலோ அது சாதாரண மயக்கம்னு விட்டுடாதீங்க. உடனே நிழல், உடம்பு பூரா தண்ணி, விசிறி, மெடிக்கல் டீம். அரை மயக்கத்துல இருக்கிறவர் வாயில தண்ணி ஊத்தாதீங்க.

சாயங்காலம் அஞ்சு மணிக்கு கடைசி ரேஸ் முடிஞ்சு கொடியைச் சுருட்டும்போது ஹைவே பக்கம் காத்து கொஞ்சம் வரும். டிரைவர் ஓவர்ஆலைப் பிழிஞ்சுக்கிட்டிருப்பார், நிஜமாவே பிழிவார். மெக்கானிக் அண்ணன்கள் லாரியில ஏத்த ஆரம்பிச்சிருப்பாங்க. ரோட்டுக்கு வந்து ஆளுக்கு ஒரு இளநீர் குடிச்சுட்டு பூந்தமல்லி பஸ் ஏறுங்க.

உங்க கூட வந்தாரே, அந்த வேர்க்கடலைப் பார்ட்டி? சும்மா நின்னு பார்த்ததுக்கே ஆள் காலி. ஜன்னல் சீட்ல வாயைத் திறந்துக்கிட்டுத் தூங்குவார். டிரைவர் பிரேக் போடுற ஒவ்வொரு தடவையும் அவர் தலை முன்னாடி போய் 'டங்'னு கம்பியில இடிக்கும். கொஞ்சம் தோள் கொடுங்க பாவம்.